ஊசியைப் பிடித்த எண்ணெய்

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவே என் வீட்டுக் கதவைத் தட்டியது. டிசம்பர் மத்தியானம், இங்கே அந்த மாதத்தில் மத்தியானமும் இருட்டுத்தான். பக்கத்து வீட்டு ஹெல்வி நின்றாள். கையுறைக்குள் அவளுடைய வேட்டைத் துப்பாக்கியின் போல்ட், தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு.

"மண்ணெண்ண இருக்கா?"

"ஏன், உன் வீட்டுல இல்லையா?"

"இருக்கு. அங்க வச்சு இதக் கழுவ முடியாது."

ஏன் முடியாது என்பதுதான் கதை. (எழுதிக்கொள்ளட்டுமா என்று பிறகு கேட்டேன். "எங்க பேர மாத்திக்கோ. நாய் பேர மாத்தாத" என்றாள். ஆகவே ருஸ்கோ மட்டும் ருஸ்கோதான்.)

2.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"வடக்கு ஃபின்லாந்தின் காடு வெள்ளைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு..." சே. இங்கே பனியைப் பார்த்து யாரும் இப்படி உருகமாட்டார்கள். வாரிக் கொட்டவே நேரம் சரியாக இருக்கிறது.

"துப்பாக்கிக்கு எண்ணெய் தேர்ந்தெடுப்பது ஒரு..." ஒரு என்ன? கலையா? வெங்காயமா? இதையும் அடித்தாயிற்று.

"அர்மாஸுக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை, மனைவியின் துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது."

இது நிற்கும். அர்மாஸ் ஹெல்வியின் கணவன். இடுப்பெலும்பு முறிந்தபின் அவன் காட்டுக்குப் போவதில்லை. இந்தக் குளிர்காலம் முழுக்க வாசற்படியே தாண்டவில்லை. அடுப்பருகே மேசைமேல் பழைய துணியை விரித்துக்கொண்டு உட்காருவான். குழலுக்குள் செம்புக் கறையெடுக்கும் நெடி அடிக்கும் திரவம். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய். போல்ட்டுக்கு...

இங்கேதான் என் கை நிற்கிறது.

உறைபனி வருமுன் போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காய்ந்தபடியே விட்டுவிட வேண்டும். கெட்டி எண்ணெய் விட்டால் குளிரில் உறைந்து உள்ளே இருக்கும் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். ஊசி தோட்டாவை ஒழுங்காகத் தட்டாது, துப்பாக்கி வெடிக்காது. எங்கள் ஊர் வேட்டைக் குழுவுக்கே இதைச் சொல்லிக்கொடுத்தவன் அர்மாஸ். "எண்ணெயக் கண்ல காட்டு, போதும்" என்பான்.

அந்த அர்மாஸ், போல்ட்டில் கோடைக்கான கெட்டி எண்ணெயைத் தாராளமாக விட்டான். அடுப்புச் சூட்டில் இழுத்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போனது.

"கேளு, சத்தமே இல்ல" என்று காட்டினான்.

ஹெல்வி தலையாட்டினாள். எந்த எண்ணெய் என்று கேட்கவில்லை. அர்மாஸிடம் போய் அதை யார் கேட்பார்கள்?

3.

அவள் என் கதவைத் தட்டிய அன்று காலை, காட்டில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. குதிரையளவு பெரிய ஒரு மூஸ் மானை ருஸ்கோ குரைத்தே நிறுத்தி வைத்தது. ஹெல்வி விசையை அழுத்தினாள். க்ளிக். போல்ட்டை இழுத்து மறுபடி. க்ளிக். மான் நாயின்மேல் திரும்பியது. முன்னங்கால்களால் இரண்டு மிதி, அவ்வளவுதான், மான் ஓடிவிட்டது. ருஸ்கோவின் பின்பாதி செத்துவிட்டது. முன்பாதி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலியை முடித்துவைக்கலாம் என்று குழலை அதன் தலையருகே கொண்டுபோனாள். க்ளிக்.

கத்தியை எடுத்தாள்.

[இங்கே ஐந்து வாக்கியங்கள் இருந்தன. எடுத்துவிட்டேன். என்னால் ஆகவில்லை.]

குழுத் தலைவன் பென்ட்டி வந்துசேர்ந்து போல்ட்டைக் கழற்றிப் பார்த்தான். எண்ணெய் விரலில் உறைந்த நெய்யாக ஒட்டியது.

"யாரு போட்டா இத?"

"நான்தான்."

"பொய் சொல்லாத. அந்த மேசைகிட்ட உன்ன விடுவானா அவன்?" போல்ட்டை அவள் கையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "போன வாரம் ஃபோன்ல ஒரே கேள்விய ரெண்டு தடவ கேட்டான், ஹெல்வி. வயசாச்சுன்னு விட்டுட்டேன்."

அவளும் விட்டிருந்தாள். அவன் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் வைத்த காப்பிப் பாத்திரத்தை விட்டிருந்தாள். பேத்தியை அவன் தன் தங்கை பேர் சொல்லி அழைத்ததை விட்டிருந்தாள். இதை விட முடியவில்லை. போனது இடுப்பு மட்டுமல்ல, அர்மாஸின் தலையும் போய்க்கொண்டிருக்கிறது என்று நாயின் பக்கத்தில் மண்டியிட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது.

4.

எழுதுகிறவன் நான். எண்ணெயை மாற்ற எனக்கு எவ்வளவு நேரம்? 'கெட்டி'யை அடித்து 'மெல்லிய' என்று போட்டேன். துப்பாக்கி வெடித்தது, ருஸ்கோ வாலாட்டிக்கொண்டு வீடு திரும்பியது. அர்மாஸ் அதற்குச் சாப்பாடு வைத்தான். கால்மணி கழித்து மறுபடி வைத்தான். அதற்குப் பிறகு மறுபடி. கிழித்துப் போட்டேன். அவன் மறதி எண்ணெயில் இல்லையே.

இன்னொன்று: ஹெல்வி "தோட்டா சரியில்ல" என்கிறாள். அவன் நம்புகிறான். அடுத்த வேட்டைக்கு அதே எண்ணெயை விடுகிறான். அந்தத் தடவை எதிரே நாய் மட்டும் இல்லாமல்

வேண்டாம்.

(எல்லாக் கறைக்கும் ஒரு திரவம் விற்கிறார்கள். கடையில் ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. நான் போய் நின்று பார்த்தேன். ஒன்றும் வாங்காமல் வந்தேன்.)

5.

நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுப் பழைய கிண்ணத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினேன். ஹெல்வி போல்ட்டைக் கழுவினாள்.

"சொல்லிட்டா, அவன் அப்புறம் எதத் தொடுவான்? அவனுக்குன்னு வேற என்ன இருக்கு?" என்றாள். "சொல்லாம விட்டா, அடுத்த தடவ எத ஊத்துவான்?"

கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினேன். கையை நீட்டினாள்.

"வாடை தெரியுதா?"

"தெரியுது."

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். "இப்ப?"

"தெரியுது."

"அவன் மூக்கு மட்டும் இன்னும் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துப் பார்த்தேன். குளிரில் சத்தம் தெளிவாக வரும். அர்மாஸ் கதவைத் திறந்துகொண்டு, இந்தக் குளிர்காலத்தில் முதல் முறையாக, கைத்தடியோடு படியிறங்கி வந்தான்.

"ருஸ்கோ எங்க?"

அவள் நின்றாள். அவன் கிட்டே வந்து அவள் கையைப் பிடித்து முகர்ந்தான்.

"மண்ணெண்ண." யோசித்தான். "போல்ட்டக் கழுவினியா? நான் கழுவித்தான வச்சேன்?" பிறகு மெதுவாக, "வைக்கலையா?"

ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஹெல்வியின் வாயில் எந்தச் சொல்லை வைத்தாலும் அது அவனை உடைக்கிறது. எதையும் வைக்காவிட்டாலும் உடைக்கிறது. நீங்கள் ஒன்று சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அவன் வீட்டுச் செருப்போடு பனியில் நிற்கிறான்.