விரல் வைத்துப் பார்த்தவள்

கொழுந்தனாருக்குக் கடைவாய் ஈறு வீங்கியிராவிட்டால் அவள் அந்தக் கட்டடத்துக்குள் போயிருக்கவே மாட்டாள். கதவு, பூட்டுக் கண்காட்சிக்கு இரண்டு அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தார் அவள் கணவர். ஊரில் எல்லாருக்கும் அவர் பூட்டுக்காரர். சீட்டு ஒன்று தனக்கு, இன்னொன்று தம்பிக்கு. தம்பி கன்னத்தில் ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு படுத்துவிட்டான். அன்று அவளுக்கு வார விடுமுறை.

"சும்மாதானே இருக்கே, வாயேன்" என்றார்.

விடுமுறை நாளில் சும்மா இருந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. இருந்தாலும் கிளம்பினாள். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். தினமும் அவள் ஏறும் பஸ், கண்காட்சி நடக்கும் அந்த மாநாட்டு மையத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகும். ஜன்னலே இல்லாத அத்தனை நீளச் சுவருக்குப் பின்னால் அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று அவள் யோசிக்காத நாள் கிடையாது.

உள்ளே நுழையவே முக்கால் மணி நேரம் ஆனது. பையைத் திறந்து காட்ட ஒரு வரிசை, படிவம் நிரப்ப ஒரு வரிசை, அட்டை வாங்க ஒரு வரிசை. பதிவு மேசையில் இருந்த பெண் என்ன தொழில் என்று கேட்டாள். சலவை என்றதும் கணினித் திரையில் மேலும் கீழும் தேடினாள். கட்டடக் கலைஞர் இருந்தது, இறக்குமதியாளர் இருந்தது, சலவையைக் காணோம். கடைசியில் 'மற்றவை' என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்தாள். பூட்டுக்காரர் அட்டையில் 'நிபுணர்' என்று வந்திருந்தது. அது சட்டைக்கு வெளியே நன்றாகத் தெரிகிற மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் நடந்தார்.

உள்ளே போனதும் அவள் நின்றுவிட்டாள். கண்ணுக்கெட்டிய வரை கதவுகள். மரக்கதவு, இரும்புக்கதவு, கண்ணாடிக்கதவு. ஒன்றுக்கும் சுவர் இல்லை. வெறும் தரைவிரிப்பின் மேல் தனித்தனியாக நின்றன. ஆட்கள் அவற்றைத் திறந்து, அந்தப் பக்கம் போய், மூடிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவளும் ஒரு கதவைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். இன்னொரு கதவுதான் இருந்தது.

பூட்டுக்காரர் சாவி வெட்டும் இயந்திரம் ஒன்றின் முன்னால் அப்படியே வேரூன்றிவிட்டார். ஒன்றரை மணிக்குக் காபி விற்கும் இடத்தில் வந்து நிற்கச் சொல்லி அவளை அனுப்பினார். அவள் வாசலில் கொடுத்த அரங்கு வரைபடத்தைக் கையில் விரித்துக்கொண்டு தன் போக்கில் நடந்தாள்.

நான்காவது வரிசையில் ஒரு நீலக்கதவு. அதற்குச் சாவித்துவாரமே இல்லை, கைப்பிடிக்கு மேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கண்ணாடி மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்ற இளம் பொறியாளர், விரலை ஒரு தடவை பதிவு செய்துகொண்டால் போதும், அதன் பிறகு தொட்டாலே கதவு திறக்கும் என்று விளக்கினாள். இது மாதிரிக் கதவு என்பதால், ரேகையைப் படிக்க முடிந்தாலே பச்சை விளக்கு எரிந்து திறக்கும் என்றாள். வைத்துப் பார்க்கலாமா என்று இவள் கேட்டாள். அதற்குத்தானே நிற்கிறேன் என்று சிரித்தாள் பொறியாளர்.

கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. சுட்டுவிரல், நடுவிரல், இடது கை என்று பத்து விரலும் முடிந்தது. பத்தும் சிவப்பு. பொறியாளர் தன் விரலை வைத்தாள். உடனே பச்சை. வரிசையில் பின்னால் நின்றவருக்கும் பச்சை.

"என்ன வேலைம்மா செய்யறீங்க?" என்று கேட்டாள் பொறியாளர்.

இவள் சொன்னாள். சுடுதண்ணீர், சலவைச் சோடா, வெளுப்புத் திரவம், ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு. ஹோட்டலில் வருகைப் பதிவு இயந்திரம் ஒன்று வைத்தார்கள், அதுவும் இப்படித்தான் என்பதையும் சொன்னாள். வேண்டுமென்றே தப்பாக அழுத்துகிறாள் என்று மேற்பார்வையாளர் நினைத்தார். இவளோ அது மட்டமான இயந்திரம் என்று நினைத்தாள். மூன்று வருடமாக நோட்டில் கையெழுத்துப் போட்டு வருகிறாள்.

பொறியாளர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். இவள் தன் கட்டைவிரலை அதன் கீழே வைத்து வெகு நேரம் பார்த்தாள். தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று இருந்தது. பொறியாளரின் விரலையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் சீப்பால் வாரிவிட்டது போல வரிவரியாக இருந்தது.

"அப்போ என்னோட ரேகை எங்க போச்சு?"

சுடுதண்ணீரிலும் சோடாவிலும் தேய்ந்திருக்கும் என்றாள் பொறியாளர். ஆனால் இவளுக்கு வருத்தம் வரவில்லை. இத்தனை வருடம் கூடவே இருந்த கையைப் பற்றிப் புதிதாக ஒரு விஷயம் தெரிந்துவிட்டது, மிச்சமும் தெரிந்தாக வேண்டும் என்று மனசு பரபரத்தது.

அடுத்த இரண்டு மணி நேரம் அவள் ஓய்ந்து நிற்கவில்லை. விரல் வைக்கும் பூட்டு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் போனாள். திறந்தால் வரைபடத்தில் ஒரு வட்டம், திறக்காவிட்டால் ஒரு பெருக்கல் குறி. ஒன்பது கடையில் ஏழு பெருக்கல். ஒருவர் களிம்பு தடவி வரச் சொன்னார். இன்னொருவர் கையில்தான் கோளாறு என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

"என் கை நல்லாத்தான் வேலை செய்யுது. உங்க மெஷினைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

கழிப்பறையில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், தப்பா நினைக்கலேன்னா கொஞ்சம் விரலைக் காட்டு என்று கேட்டாள். அந்தப் பெண் முதலில் முழித்தாள். விஷயம் புரிந்ததும் தன்னுடையதும் இப்படித்தான் என்று கையை விரித்துக் காட்டினாள். அவளுடைய இடைவேளைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காத்திருந்து அவளைக் கூட்டிக்கொண்டு நீலக்கதவுக்குப் போனாள். போகிற வழியில் காபிக் கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற மனிதர் ஒருவரும், எதற்கென்றே தெரியாமல், சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் சிவப்பு.

பொறியாளர் தன் மேலாளரை அழைத்தாள். நரைத்த குறுந்தாடி வைத்த மனிதர். இந்தக் கருவியை இரண்டாயிரம் பேரை வைத்துச் சோதித்திருக்கிறோம் என்றார் அவர்.

"அந்த ரெண்டாயிரம் பேரும் என்ன வேலை செய்யறவங்க?" என்று இவள் கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

குறுந்தாடி தாடியைத் தடவினார். எல்லாரும் எங்கள் அலுவலகத்து ஆட்கள்தான் என்றார்.

பூட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது மணி இரண்டேகால். காபிக் கடை அருகே கால் கடுக்க நின்று பார்த்துவிட்டு, வரிசை வரிசையாகத் தேடியிருக்கிறார். நீலக்கதவைச் சுற்றிக் கூட்டத்தையும் நடுவில் மனைவியையும் கண்டதும், எதையோ உடைத்துவிட்டாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. முண்டியடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

அவள் நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீங்களும் வைங்க பார்ப்போம்" என்றாள்.

எத்தனையோ வீட்டில் இதைப் பொருத்திக் கொடுத்தவன் நான், எனக்கா என்று கேட்டபடியே அவர் விரலை வைத்தார். சிவப்பு. முப்பது வருடமாகச் சாவியின் பிசிறை அரத்தால் தேய்த்து, தடவித் தடவிப் பார்த்த கட்டைவிரல் அது. அவர் கையை எடுக்காமல் மறுபடி அழுத்தினார். மறுபடியும் சிவப்பு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நினைப்பு எங்கோ போய்விட்டது.

குறுந்தாடி அவளுடைய ஹோட்டல் விலாசத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஒரு கருவியோடு சலவைக்கூடத்துக்கே வரலாமா என்றும் கேட்டார். பொறியாளர் அந்த வரைபடத்தைக் கேட்டாள். இவள் தரவில்லை, வேண்டுமானால் பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அவள் செருப்பைக் கழற்றிப் பாதத்தை அமுக்கிக்கொண்டாள். பூட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு விஷயத்தைச் சொன்னார். போன வருடம் ஒரு கொத்தனார் வீட்டுக் கதவில் இதே மாதிரிப் பூட்டு ஒன்றை மாட்டிக் கொடுத்தாராம். அந்த மனிதர் மூன்று முறை கடைக்கு வந்து, திறக்கவில்லை என்றாராம்.

"கையை நல்லாக் கழுவிட்டு வைங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். மூணு தடவையும் அதையேதான் சொன்னேன்."

"அப்புறம் அவர் வரலையா?"

"வரல."

அந்த வீடு அதிக தூரமில்லை என்று அவர் சொன்னதும், வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறினார்கள். அவர்கள் போனபோது கொத்தனார் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கும் வேலைப் பையும் இருந்தன. மனைவி தையற்கடையிலிருந்து வர ஐந்து மணியாகும், அவள் விரலுக்குத்தான் திறக்கும் என்று சாதாரணமாகச் சொன்னார். தினமும் இப்படித்தானா என்று பூட்டுக்காரர் கேட்டார். வேலை சீக்கிரம் முடிகிற நாளில் மட்டும்தான் என்றார் கொத்தனார்.

பூட்டுக்காரர் அவர் முன்னால் நின்றபடியே, தப்பு தன்னுடையது, கையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னார். நாளைக் காலையில் வந்து சாவிப்பூட்டு மாட்டித் தருவதாகவும் சொன்னார். கொத்தனார் படியில் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்துகொண்டாள். சிமெண்டில் கிடந்து கிடந்து ரேகை போக எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று அவரிடம் விசாரிக்க ஆரம்பித்தாள். கொத்தனார் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யாரும் கேட்டதில்லை, யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்.