கொட்டகை எந்த நாட்டில் இருக்கிறது

ஒகோத்தால் என்னும் மலைக்குடியிருப்பில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு, அவ்வூரின் குடிநீர்க் குழுத் தலைவியாகிய த்ரான்சிதோ அர்கேதாவிடம்கூடத் திட்டவட்டமான விடை இருந்ததில்லை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் ஊர் பாதியாகும். புனித வாரத்தில் இரட்டிப்பாகும். சிலர் பகலில் ஒரு நாட்டிலும் இரவில் மற்றொரு நாட்டிலும் இருப்பார்கள். எங்கோ கடல் கடந்த நகரத்தில் கறுப்பு அங்கி அணிந்த நீதிபதிகள் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்ததன் விளைவாக, எல் சால்வடோரில் உறங்கச் சென்ற அவ்வூர் ஹோண்டுராஸில் கண்விழித்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் மக்கள் இன்னமும் டாலரில் உப்பு வாங்கி, ஹோண்டுராஸின் லெம்பீராவில் சவர்க்காரம் வாங்கி, எந்த நாட்டுக் காவலர் எதிர்ப்படுகிறாரோ அந்த நாட்டு அடையாள அட்டையை எடுத்து நீட்டி வந்தார்கள்.

இம்முறை ஒரு திட்டவட்டமான விடை வேண்டியிருந்தது. முந்நூறு பேருக்குக் குறையாத ஊருக்கே நிலையான செவிலி ஒருவர் அனுப்பப்படுவார் என்றும், அதனை உறுதிசெய்யப் புதன்கிழமை ஓர் அலுவலர் வருவார் என்றும், செவ்வாய் இரவு ஊரில் உறங்கியவர்கள் மட்டுமே கணக்கில் சேர்வார்கள் என்றும் நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருந்தது. த்ரான்சிதோவின் மகள் இல்தௌராவுக்கு அது ஏழாம் மாதம். அவளுடைய முதல் குழந்தை, மருத்துவமனை இருக்கும் மார்கலாவுக்குச் செல்லும் நான்கு மணி நேரச் சாலையில், ஒரு சரக்குந்தின் பின்தட்டில் பிறந்து, அங்கேயே இறந்திருந்தது. ஆகையால் அந்த முந்நூறு என்னும் எண்ணைத் த்ரான்சிதோ இரண்டு வாரங்களாக வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்தாள். ஞாயிறு வழிபாட்டிற்குப் பின் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டி, அனைவரும் பார்க்கும்படி ஆலயக் கதவிலும் ஒட்டியிருந்தாள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வந்த அலுவலரின் பெயர் ஓர்லின் புஸ்தியோ. முப்பது வயதிருக்கும், மெலிந்த உடல், மழைக்கு அஞ்சிப் படிவங்களை நெகிழித்தாளில் பொதிந்து மார்போடு அணைத்திருந்தார். த்ரான்சிதோ அவருக்குக் காப்பியும் சோளரொட்டியும் கொடுத்து, வீடு வீடாக அழைத்துச் சென்றாள்.

முதல் வீடு மூதாட்டி போலாவினுடையது. அவள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"பன்னெண்டு பேரு. எழுதிக்கோங்க ஐயா, பன்னெண்டு" என்றாள்.

ஓர்லின் உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு கயிற்று ஊஞ்சற்படுக்கைகளும் ஒரு கட்டிலும் இருந்தன. "பன்னெண்டு பேரும் நேத்து ராத்திரி இங்கதான் தூங்கினாங்களா, தோன்யா?" என்று, அம்மா என்னும் மரியாதையில் விளித்துக் கேட்டார்.

"தூங்காம? அஞ்சு பேரு இங்க. மத்த ஏழு பேரு ஹூஸ்டன்ல."

"ஹூஸ்டன்ல தூங்கினவங்கள நான் எழுத முடியாதே."

"ஏன் முடியாது? அவங்க அனுப்புற காசுலதான இந்தக் கூரை நிக்குது? கூரையப் போட்டவன எழுத மாட்டீங்க, கீழ படுத்த கெழவிய மட்டும் எழுதுவீங்களோ? எத்தனை பேருக்கு மாவு தரப்போறீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."

"மாவா? மாவுக்காக இல்ல தோன்யா. செவிலிக்காக."

"ஓ" என்றாள் போலா, ஏமாற்றத்துடன். "அப்ப அஞ்சே போட்டுக்கோங்க. ஊசிக்கு எதுக்கு அத்தனை பேரு."

ஐந்து என்று எழுதப்பட்டது. இரண்டாம் வீட்டில் நான்கு. மூன்றாம் வீட்டில் ஆறு. எட்டாவது வீட்டைக் கடந்தபோது ஓர்லின் நின்று, படிவங்களைப் பின்னோக்கிப் புரட்டி, மறுபடியும் முன்னோக்கிப் புரட்டினார்.

"தோன்யா த்ரான்சிதோ, தப்பா நெனக்காதீங்க. இந்த ஊர்ல ஆம்பளைங்களே கெடையாதா?"

த்ரான்சிதோவும் அப்போதுதான் அதை உணர்ந்தாள். எட்டு வீடுகளிலும் பெண்களும் பிள்ளைகளும் பல்லில்லாத கிழவர்களுமே விடை கூறியிருந்தார்கள். கணவர் எங்கே என்று கேட்டால் ஒருத்தி கோழிக்கூட்டைப் பார்த்தாள். இன்னொருத்தி, "இங்க இல்ல, நேத்தும் இல்ல, என்னைக்குமே இல்ல" என்று ஒப்பித்தாள். அவள் கணவனின் ஈரச் சட்டை அவள் தலைக்கு மேலேயே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. த்ரான்சிதோவின் கணவன் லியோன்சியோவும் முந்தைய மாலை, "மரம் அடுக்கற வேல இருக்கு, மரக்கொட்டகையிலேயே படுத்துக்கறேன்" என்று போர்வையை எடுத்துச் சென்றவன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அதை அவள் பொருட்படுத்தாதிருந்தது எவ்வளவு பெரிய பிழை என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

நண்பகலில் எல்லா வீடுகளும் முடிந்தன. ஓர்லின் மூன்று முறை கூட்டினார். இருநூற்று ஐம்பத்தெட்டு.

"இன்னும் நாப்பத்திரண்டு பேரு வேணும்" என்று கூறி, அது தம்முடைய குற்றம்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாங்க எங்கூட" என்றாள் த்ரான்சிதோ.

லியோன்சியோவின் மரக்கொட்டகை ஊரின் தென்கோடியில், ஊசியிலை மரங்களுக்கு நடுவே, முப்பது அடி அகலமும் தொண்ணூறு அடி நீளமுமாகக் கிடந்தது. எல்லைக் கோட்டை அளந்துவந்த பொறியாளர்கள் நட்ட வெள்ளைத் தூண் அதன் நீண்ட சுவரின் நடுப்பகுதியை ஒட்டி நின்றது. கொட்டகைக்கு வடக்கே ஒரு வாசல், தெற்கே ஒரு வாசல். அறுவை இயந்திரம் சக்கரங்கள் பூட்டிய மேடைமீது இருந்தது. ஹோண்டுராஸின் வனத்துறையினர் வருவதாகச் செய்தி கிடைத்தால் மேடையைத் தெற்கே தள்ளிவிடுவார்கள். அங்கே அவர்களுக்கு அதிகாரமில்லை. எல் சால்வடோரின் வரி அலுவலர் வருவதாகத் தெரிந்தால் வடக்கே தள்ளிவிடுவார்கள். அப்போது கொட்டகை ஹோண்டுராஸின் கொட்டகை. பதினைந்து ஆண்டுகளாக ஒகோத்தாலின் கதவுகளும் சன்னல்களும் நாற்காலிகளும் இவ்வகையில்தான் கோட்டுக்கு அப்பால், எல் சால்வடோரின் பெர்கின் சந்தையைச் சென்றடைந்தன. ஊரார் உண்ணும் அவரைக்கும் சோளத்துக்கும் இதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது, நாற்பத்துநான்கு ஆண்கள் மரத்தூள்மீதும் பலகைகள்மீதும் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டான்!" என்று எவனோ கத்தினான். பத்துப் பேர் பாய்ந்து மேடையைத் தெற்கே தள்ளினார்கள்.

"நிறுத்துங்கடா!" என்றாள் த்ரான்சிதோ. "இவரு வனத்துறை இல்ல!"

"பொய் சொல்றீங்க தோன்யா" என்றான் காந்தெலாரியோ. ஊரிலேயே உரத்த குரல் அவனுடையது. "கடுதாசிய நாங்களும் பாத்தோம்ல. மேல பெருசா மரம் போட்டிருந்துச்சு. மரம் போட்ட முத்திரை வேற யாருது?"

ஓர்லின் தம் படிவத்தின் தலைப்பை உயர்த்திப் பார்த்தார். உண்மையில் அதில் ஓர் ஊசியிலை மரம் இருந்தது. "இது நகராட்சி முத்திரை. எங்க நகராட்சி முத்திரையில மரம் இருக்கு."

"அப்ப வனத்துறை முத்திரையில என்ன இருக்கு?"

"அதுலயும் மரந்தான்" என்றார் ஓர்லின், தளர்ந்த குரலில்.

"பாத்தீங்களா!"

த்ரான்சிதோ தன் கணவனைத் தேடிப் பிடித்தாள். லியோன்சியோ, பெர்கினில் புதிதாகக் கட்டப்படும் பள்ளிக்காகச் செய்து முடித்திருந்த பன்னிரண்டு கதவுகளின் அடுக்குமீது அமர்ந்திருந்தான். அவற்றை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

"கடுதாசியப் படிச்சேன்ல லியோ? செவிலின்னு படிச்சேன்ல?"

"படிச்சே. ஆனா பட்டியல்னும் படிச்சே." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சண்டைக் காலத்துல பட்டாளம் வந்து, பால்மாவு தர்றோம், ஆம்பளைங்க எத்தனை பேருன்னு கேட்டுச்சு. எங்கண்ணன் பேரு சொன்னான். மாவு வந்துச்சு, அண்ணன் போயிட்டான். பட்டியல்னு காதுல விழுந்தா காலு தானா நடக்குது, த்ரான்சி. நான் என்ன பண்ண?"

அவளுக்குச் சினம் வந்தது. அதே நேரத்தில் சினம் கொள்ள இயலாமலும் போயிற்று. அவள் ஓர்லினிடம் திரும்பினாள். "எல்லாரும் நேத்து ராத்திரி இங்கதான் தூங்கியிருக்காங்க. நாப்பத்திநாலு பேரு. எழுதுங்க. முன்னூத்திரண்டு."

ஓர்லின் கொட்டகையின் நீளத்தையும் சுவரிடுக்கில் தெரிந்த வெள்ளைத் தூணையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹோண்டுராஸ்ல தூங்கினவங்கள மட்டுந்தான் எழுதலாம். நீங்க எந்தப் பக்கம் தூங்கினீங்க?"

இக்கேள்வி எழுப்பிய குழப்பத்தை விவரிப்பது எளிதன்று. மரத்தூள் மெத்தென்று இருப்பதால் வடக்கே படுத்ததாகச் சிலர் கூறினர். வடக்கே படுத்தால் வனத்துறை பிடிக்குமென்று தெற்கே படுத்ததாகச் சிலர் கூறினர். வடக்கே படுத்தவன் குளிருக்கு உருண்டு தெற்கே போனதாகவும், தெற்கே படுத்தவன் காந்தெலாரியோவின் குறட்டைக்கு அஞ்சி வடக்கே வந்ததாகவும் சாட்சியங்கள் குவிந்தன.

"என் தலை ஹோண்டுராஸ்ல, காலு சால்வடோர்ல" என்றான் காந்தெலாரியோ. "காலைத்தான பெரும்பாலும் உபயோகிக்கறேன். எத எழுதுவீங்க?"

"தலையத்தான் எழுதுவாங்க" என்றான் ஒருவன்.

"அப்ப இவன எழுதவே முடியாது!" என்றான் மற்றொருவன். கொட்டகை அதிரச் சிரித்தார்கள்.

ஓர்லின் சிரிக்கவில்லை. அவர் படிவத்தின் பின்பக்கத்திலிருந்த சிறிய எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார். பின்பு நிமிர்ந்து, "ஒரு கூரைக்கு ஒரு நாடுதான் எழுதணுமாம்" என்றார். "கொட்டகை எந்த நாட்டுலன்னு சொந்தக்காரர் சொல்லிக் கைரேகை வைக்கணும். ஹோண்டுராஸ்னா எல்லாரும் ஹோண்டுராஸ். இல்லைன்னா ஒருத்தருமில்ல."

சிரிப்பு அடங்கிற்று. எல்லோரும் லியோன்சியோவைப் பார்த்தார்கள்.

"அந்தத் தாள் எங்க போகும்?" என்று கேட்டான் அவன்.

"ஒண்ணு நகராட்சிக்கு. ஒண்ணு தலைநகரத்துக்கு."

"வனத்துறைக்கு?"

ஓர்லின் படிவங்களை மார்போடு சேர்த்துக்கொண்டார். "கேட்டா குடுப்பாங்க. கேப்பாங்களான்னு எனக்குத் தெரியல. சத்தியமாத் தெரியல, தோன் லியோன்சியோ."

"ஹோண்டுராஸ்னு எழுதிட்டா, அனுமதி இல்லாம ஒரு பலகை அறுக்க முடியாது" என்றான் காந்தெலாரியோ. அவன் குரலில் இப்போது கேலி இல்லை. "எல்லைக் கோட்டத் தாண்டிக் கதவு கொண்டுபோனா, அது ஏற்றுமதி. அதுக்கு வேற தாளு. நம்ம ஊரே இந்தக் கொட்டகையில தான சாப்பிடுது. சொல்லாத கூட்டாளி, சொல்லாத கொம்பாத்ரே. தெரியாதுன்னு சொல்லு. பதினஞ்சு வருஷமா தெரியாதுன்னுதான சொல்றோம்?"

"தெரியாதுன்னு எழுத எடம் இல்லையே" என்றார் ஓர்லின்.

த்ரான்சிதோ வாய் திறந்தாள். இல்தௌராவின் பெயரைச் சொல்லவே திறந்தாள். ஆனால் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தபோது, ஒவ்வொருவனுக்கும் வீட்டில் எத்தனை பேர் என்பதை அன்று காலைதான் எண்ணி முடித்திருந்த அவளுக்கு, எந்தப் பெயரைச் சொல்வது நியாயம் என்று புலப்படவில்லை. செவிலி வந்து அவர்கள் பிள்ளைகளுக்கு ஊசி போடுவாள். ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகள் மாலையில் எதை உண்பார்கள்? அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுடைய வாழ்நாளில் ஒரு கூட்டத்தின் நடுவே அவள் பேசாமல் நின்றது அதுவே முதன்முறை.

லியோன்சியோ அவளைக் கவனித்தான். "நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்ன சொல்றதுன்னு தெரியல, லியோ."

அவன் வெகுநேரம் கதவொன்றின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, "மார்கலா போன அந்தச் சரக்குவண்டியில நானுந்தான் இருந்தேன்" என்றான், எவரிடமும் கூறாததுபோல். "ஹோண்டுராஸ்னு எழுதுங்க."

கொட்டகையில் கூச்சல் எழுந்தது. "கொம்பாத்ரே!" என்றான் காந்தெலாரியோ. "கதவு?" என்றான் ஒருவன். "அனுமதி எங்க கேக்கறது? யாருகிட்ட?" என்றான் மற்றொருவன். லியோன்சியோ, ஓர்லின் நீட்டிய மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தித் தாளில் பதித்தான். மை தேவைக்கு மேல் ஒட்டியிருந்ததால் ரேகை தெளிவாக விழவில்லை. இரண்டாம் முறையும் பதிக்க வேண்டியதாயிற்று.

"தொழில்?" என்று கேட்டார் ஓர்லின், அடுத்த கட்டத்தில் எழுதுகோலை வைத்தபடி.

"தச்சன்."

"பொருள எங்க விக்கறீங்க?"

"பெர்கின்ல."

"அப்படின்னா... இனிமே ஏற்றுமதியாளர்னு எழுதணுமோ?" என்று தமக்குத்தாமே முணுமுணுத்த ஓர்லின், அக்கட்டத்தைக் காலியாகவே விட்டு அடுத்த மனிதனிடம் சென்றார். முணுமுணுத்துக்கொண்டே ஒருவர்பின் ஒருவராக வந்து நாற்பத்துநான்கு பேரும் பெயர் கொடுத்தார்கள். கடைசியாக வந்த காந்தெலாரியோ, "காலையும் சேத்து எழுதுங்க" என்றான். எவரும் சிரிக்கவில்லை.

"செவிலி எப்ப வருவாங்க?" என்று த்ரான்சிதோ கேட்டாள்.

"கணக்கு சரியா இருந்தா, ரெண்டு மாசத்துல வரணும்" என்றார் ஓர்லின். "வந்துருவாங்கன்னுதான் நெனக்கறேன்."

இல்தௌராவுக்கு ஏழாம் மாதம்; ஏழும் இரண்டும் ஒன்பது. அவள் விரல்விட்டு எண்ணி, மீண்டும் ஒருமுறை எண்ணினாள்.

வீட்டை அடைந்தபோது இல்தௌரா வாசற்படியில், கால்களை ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அமர்ந்திருந்தாள்.

"எத்தனை வந்துச்சும்மா?"

"முன்னூத்திரண்டு."

"அப்ப அப்பா ஏன் அப்படித் தலையத் தொங்கப்போட்டு நடந்து போறாரு? நல்லதுதான நடந்துச்சு?"

த்ரான்சிதோ மகளின் அருகில் அமர்ந்தாள். கொட்டகையின் திசையிலிருந்து அறுவை இயந்திரத்தின் ஓசை கேட்கிறதா என்று செவிமடுத்தாள், கேட்கவில்லை.

"நல்லதுதான்" என்றாள். பிறகு, "கொஞ்சம் நகரு, நானும் காலை நனைச்சுக்கறேன்" என்றாள்.