இரண்டு கையாலும் பிடித்த டம்ளர்

பாரில் எண்பதுகள் என்ற வினாடி வினா நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற கேள்விகள் மாறும், ஏழாவது கேள்வி மாறாது. கேசட்டில் நாடா தளர்ந்துபோனால் எதை விட்டுச் சுற்றுவோம், டயல் போனுக்குப் பூட்டை எந்த எண்ணில் மாட்டுவோம், டிவியில் நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னால் திரையில் என்ன நிற்கும் என்று ஒவ்வொரு மாதமும் கேள்வி கேட்பவள் புதிது புதிதாகத் தேடிக் கொண்டுவருவாள். ஏழாவது மட்டும் எப்போதும் ஒன்றுதான். பால்பொடி விளம்பரத்தில் வரும் பாப்பா டம்ளரை ஏன் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்?

விடை தெரியாதவர் அந்த அறையில் கிடையாது. அந்தப் பாப்பாவேதான் மைக்கும் கையுமாக எதிரில் நிற்கிறாளே. டம்ளர் கனம், நாலு வயதுப் பிள்ளை ஒற்றைக் கையால் தூக்குமா, அவ்வளவுதான் விடை. ஒன்பது டீமும் அதையே எழுதிக் கொடுக்கும், ஒன்பது டீமும் ஒரு மார்க் வாங்கும். ஓசி மார்க் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். அந்த ஓசிக்காகத்தான் வருகிறோம் என்று கேலி பேசுவார்களே தவிர, வருவது அவளைப் பார்க்கத்தான். வீட்டுக்கு டிவி வந்த புதிதில் நாளைக்கு எட்டுத் தடவை பார்த்த முகம், நாற்பது வருஷம் கழித்து எதிரில் நின்று, பின்னாடி பெஞ்சு, பேச்சைக் குறைங்க என்று அதட்டினால் யாருக்குத்தான் பிடிக்காது.

பகலில் அவள் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். அங்கே எல்லோருக்கும் மேடம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவன் எவனும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இங்கே வந்தால் பாப்பா. தலை நரைத்த முதலாளி கூட பாப்பா என்றுதான் கூப்பிடுவார். பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்த ஒரு பெயர் மட்டும் நாலு வயதிலிருந்து அவளை விட்டுப் போகாமல் கூடவே இருக்கிறது.

அன்றைக்கு ஐம்பதாவது எண்பதுகள். வாசலில் முதலாளி பெரிதாக ஒட்டியிருந்தார்: பால்பொடிப் பாப்பா வழங்கும் ஐம்பதாவது மாலை. அதோடு விடவில்லை. அந்த விளம்பரத்தை எடுத்த கேமராமேனைத் தேடிப் பிடித்துவிட்டார். முடி வெட்டுகிறவர் சொல்லித் தெரிந்ததாம், அவர் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாராம். எண்பதைத் தாண்டியவர், காதில் மெஷின், கையில் தடி. விளம்பரம் மட்டும் இல்லை, அன்றைக்கு ஓடின டேப் முழுதும் பீரோவில் கிடக்கிறது, எப்படி வேலை செய்தோம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று கொடுத்திருந்தார். முதலாளி அதைப் பென்டிரைவில் ஏற்றிவைத்துக்கொண்டு, முதலில் நீ மட்டும் ஒரு தடவை பார்க்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள். எல்லோரோடும் சேர்ந்துதான் பார்ப்பேன் என்றாள். தன்னையே தான் பார்க்கப்போகிறோம், இதில் முன்னோட்டம் எதற்கு.

மார்க் போடுவது அக்கா. இரண்டு வயது மூத்தவள், துணிக்கடையில் வாங்கிய உடுப்பை அளவுக்குப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிற வேலை. இடக்கைக்காரி. சாக்பீஸால் கரும்பலகையில் எழுதிக்கொண்டு போகும்போதே மணிக்கட்டு பின்னாலேயே வந்து எழுதினதைத் துடைக்கும். எங்க பன்னிரண்டை உங்க மணிக்கட்டு தின்னுருச்சுக்கா என்று கேசட் கோஷ்டி என்ற டீம் மாதா மாதம் புகார் சொல்லும். அக்கா மறுபடி எழுதுவாள். அவளை ஆறு வயதிலேயே பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. லீவுக்கு வருவாள், வந்தால் விருந்தாளி மாதிரி செருப்பை வாசலில் சேர்த்துவைத்துவிட்டு உள்ளே வருவாள். இன்றைக்கும் பாருக்குள் நுழையும்போது அப்படித்தான் காலைத் தட்டிவிட்டு வருகிறாள்.

கரும்பலகையின் மேல்ஓரத்தில் பெயின்ட்டால் எழுதியிருக்கும்: மைக் சொன்னதே விடை. ஆண்டெனா டீம் ஒரு தடவை ஒரு தொடரின் வருஷத்துக்காக முக்கால் மணி நேரம் சண்டை போட்டதற்குப் பிறகு பாப்பாவே எழுதிவைத்தது.

ஏழாவது கேள்வி வந்தது. கேட்டு முடிப்பதற்குள் எழுதி முடித்துவிட்டார்கள். அக்கா தாள்களை வாங்கிக்கொண்டாள். பாப்பா வழக்கம்போல இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, டம்ளர் கனம் என்று இழுத்துச் சொன்னாள். கை தட்டினார்கள். வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை; முதலாளி ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, சுவரில் படத்தைப் போட்டார்.

முதலில் கோடு கோடாக ஓடியது. பிறகு ஒரு மேஜை. மேஜையில் ஒரு பால்பொடி டின், ஒரு டம்ளர். பின்னால் ரெட்டைச் சடையும் சுருக்கு வைத்த கவுனுமாக ஒரு குழந்தை. பார் முழுவதும் ஓ என்றது. அந்த கவுன் கழுத்தில் குத்தும், இன்னும் ஞாபகம் இருக்கிறது என்றாள் பாப்பா மைக்கில்.

படத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆண் குரல், பெரிய பாப்பா, டம்ளரை எடும்மா என்றது. குழந்தை எடுத்தது. அந்தக் கை வேண்டாம், முழங்கை டின்னை மறைக்கிறது, பேர் தெரியவில்லை என்றது குரல். குழந்தை டம்ளரை வைத்துவிட்டு மறுபடி எடுத்தது. அதே கை. மூன்றாவது தடவையும் அதே கை. யாரோ சிரித்தார்கள். பாப்பாவும் சிரித்தாள். சின்ன வயதில் தனக்கு எந்தக் கை என்றே தெரியாது போலிருக்கிறது என்று சொல்லவந்தவள் பாதியில் நிறுத்தினாள். குழந்தை எடுத்தது இடது கை. தன் வலது கையில் மைக் இருந்தது.

இன்னொரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. கேமரா சும்மா இருந்த நேரத்தில் கொஞ்சம் திரும்பியது. சுவர் ஓரத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் அம்மா. மடியில் பாவாடை சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளை, வாயில் கட்டைவிரல், மூக்கெல்லாம் ஒழுகிக்கொண்டு.

அம்மா செத்து ஒன்பது வருஷம். ஒரு கேசட்டிலும் அம்மா குரல் கிடையாது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசும் அந்தக் குரலைப் பாப்பா மறந்தே போயிருந்தாள். இப்போது அது பார் சுவரிலிருந்து வந்தது.

"சின்னவ சும்மா பாக்க வந்தவ சார். தனக்கும் பால் வேணும்னு அழுறா. நீங்க எடுங்க, பெரியவ செஞ்சிருவா."

சரி, ரெண்டு கையாலும் எடுக்கட்டும், டின் தெரிந்தால் போதும் என்றது ஆண் குரல். ரெட்டைச் சடை இரண்டு கையாலும் டம்ளரைத் தூக்கிக் குடித்தது. மேலுதட்டில் வெள்ளையாக மீசை. நாடே பார்த்த சிரிப்பு. கை தட்ட எழுந்த ஒருவர் இரண்டு கையையும் அப்படியே பிரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

டேப் அதோடு நிற்கவில்லை. கட் என்ற பிறகும் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ரெட்டைச் சடை டம்ளரில் மிச்சம் இருந்ததைச் சிந்தாமல் எடுத்துக்கொண்டு நாற்காலியிடம் போனது. மடியில் இருந்ததின் கையில் கொடுத்தது. ஒரு சின்னக் குரல், ரொம்பத் தெளிவாக:

"ரெண்டு கையாலயும் பிடி. கனம்."

படம் கோடு கோடாகி அணைந்தது. முதலாளி விளக்கைப் போட்டார். போட்டிருக்க வேண்டாம்.

பாப்பாவின் கையில் மைக் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. நாக்கில் பால் ருசி அப்படியே இருந்தது. பொய்யில்லை, குடித்திருக்கிறாள். டம்ளர் கனமாகத்தான் இருந்தது. கவுன் கழுத்தில் குத்தியதும் நிஜம்தான், அடுத்த வருஷம் அக்காவுக்குச் சின்னதாகிப்போய் அவளுக்கு வந்த கவுன். கண்ணைக் கூசிய விளக்கும் நிஜம், மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். இத்தனை வருஷமாகச் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை, பாப்பா மட்டும் அவள் இல்லை. ஒன்பது வருஷம் கழித்து அம்மா வாயைத் திறந்து முதலில் சொன்னதே இதைத்தான்: சின்னவள் சும்மா பார்க்க வந்தவள்.

சாயங்காலம் உள்ளே வந்ததும் கேமராமேன் நேராகக் கரும்பலகையிடம் போய், எழுதிக்கொண்டிருந்த அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. சார், பாப்பா நான்தான் என்று அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பியிருந்தாள்.

மைக்கை அணைத்தாள். கரும்பலகைக்குப் போனாள். அக்கா தாள்களை ஓரம் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள், அடுக்கினதையே மறுபடி மறுபடி.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு ஆறு வயசு. தெரியாம எப்படி."

"சொல்லவே இல்லையே."

அக்கா தாள்களைக் கீழே வைத்தாள். விளம்பரம் டிவியில் வந்தபோது அவள் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பாப்பா எங்கே, பாப்பா எங்கே என்று வீடு தேடி வந்தவர்களுக்கு முன்னால் அம்மா இருக்கிற பிள்ளையை நிறுத்தினாள். முதலில் வாய் தவறித்தான் இருக்கும். லீவுக்கு வந்த அக்கா, நான்தானே குடித்தேன் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அம்மா சொன்னதை அக்கா சத்தம் வராமல் சொன்னாள்:

"உனக்குப் பெரியம்மா வீட்டுல எல்லாம் இருக்குடா. இதாவது இவளுக்கு இருக்கட்டும்னாங்க."

"எனக்கு நீங்க எல்லாரும் இருந்தீங்க" என்றாள் பாப்பா. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. அக்கா அவளைப் பார்க்காமல் சாக்பீஸைப் பார்த்தாள். வீட்டைவிட்டுப் போனவள் அவள். போனவளிடமிருந்து இதையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அம்பது தடவை இந்தக் கேள்விக்கு மார்க் போட்டியே."

"மைக் சொன்னதே விடைன்னு நீதான எழுதி வச்சே."

அதில் குத்தல் இருந்ததா என்று பாப்பாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபமாக ஒரு வார்த்தை சொன்னால் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதலாளி நைசாகப் பக்கத்தில் வந்தார். சத்தம் சரியாக விழவே இல்லை, பின்னால் இருப்பவர்கள் ஒன்றும் கவனிக்கவில்லை, பழைய டேப் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அடுத்ததுக்குப் போய்விடலாம் என்றார். சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தார், அங்கேதான் போஸ்டர். பின்னாலிருந்து கேசட் கோஷ்டியின் தடித்த ஆள், அப்போ பாப்பா யாருங்க என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். காது மெஷினைச் சரிசெய்துகொண்டு கேமராமேன், எல்லோருக்கும் பிடித்ததா என்று முதலாளியிடம் விசாரித்தார்.

அக்கா மெதுவாக, எட்டாவது கேள்விக்குப் போ என்றாள். நாற்பது வருஷம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருந்தால் என்ன, எனக்கு இது வேண்டியதும் இல்லை என்றாள். போகலாம்தான். தாள்களில் ஒன்பது டீமும் டம்ளர் கனம் என்று எழுதியிருக்கிறார்கள். சட்டம் பலகையிலேயே இருக்கிறது. மைக் அவள் கையில் இருக்கிறது. அவள் வாயைத் திறக்காவிட்டால் நாளைக்கும் அவள்தான் பாப்பா.

மைக்கை மறுபடி ஆன் செய்தாள். தட்டிப் பார்த்தாள், அது அவசியமே இல்லை.

"ஏழாவது கேள்வி. நான் சொன்ன விடை தப்பு. இடது கையால எடுத்தா டின் மறைஞ்சது, அதனால ரெண்டு கை. யாரும் சரியா எழுதலை. எல்லாருக்கும் சைபர்."

ஆண்டெனா டீமிலிருந்து வழக்கமாகச் சண்டை போடுகிறவர் எழுந்தார். பலகையைக் காட்டி, மைக் சொன்னதே விடை, முதலில் சொன்னதுதான் செல்லும் என்றார். அவருக்கு மார்க் பெரிதில்லை. அவளுக்காகத்தான் சொன்னார் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

"இப்பவும் மைக்தான் சொல்லுது. உக்காருங்க."

அக்கா சாக்பீஸைத் தொடவில்லை. எழுதுக்கா என்றாள் பாப்பா. விடுடி என்றாள் அக்கா. எழுது என்றாள் மறுபடி, இந்தத் தடவை மைக் இல்லாமல்.

அக்கா எழுதினாள். இடது கையால் ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது சைபர். எழுத எழுத மணிக்கட்டு பின்னாலேயே வந்து துடைத்துக்கொண்டு போனது. பார் முழுவதும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வருஷமாக எல்லோர் எதிரிலும் எழுதிக்கொண்டிருந்த கைதான்.

ஆறாவது சைபரில் கேசட் கோஷ்டியின் பழைய பன்னிரண்டு அழிந்துபோனது. அந்தத் தடித்த ஆள் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார். திறந்தவர், அக்கா என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒரு நொடி தடுமாறினார்.

"பாப்பா, எங்க பன்னிரண்டு போயிருச்சு."

பாப்பா சட்டென்று திரும்பினாள். அவர் தன்னைப் பார்க்கவில்லை என்பது திரும்பிய பிறகுதான் தெரிந்தது. பலகையைப் பார்த்து நின்றவள் காதில் அது விழவே இல்லை. அந்தப் பெயரில் நாற்பது வருஷமாக யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. ஏழாவது சைபரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பாப்பா அவள் முழங்கையைத் தொட்டாள்.

"உன்னைத்தான் கூப்பிடுறாங்க."