டிகிரி அக்காவின் கோடு

பங்குத் தரகு அலுவலகத்தில் எல்லோரும் அவளை டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாங்கிய பட்டத்துக்காக அல்ல. பட்டம் அங்கே காபி கொண்டுவருகிறவரிடமும் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பாகைமானியைக் கணினித் திரைமேல் வைத்து அழுத்தி, விலைக்கோட்டின் கோணத்தை அவள் அளப்பாள். கோடு நாற்பத்தைந்து டிகிரியில் ஏறினால் பங்கை வைத்துக்கொள்ளலாம். முப்பதுக்குப் படுத்துவிட்டால் விற்றுவிட வேண்டும். அறுபதைத் தாண்டி நிமிர்ந்தால் மூச்சு வாங்கி விழப்போகிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர்களுக்குத் தினமும் போகும் குறிப்பில் இதைத்தான் எழுதுவாள், ‘ஏற வாய்ப்புள்ளது’, ‘எச்சரிக்கை தேவை’ என்று தப்பிக்க இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. பாதிக்கு மேல் பலித்தது. சந்தை மொத்தமும் ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் பலித்திருக்கும். அதை அவளிடம் யார் போய்ச் சொல்வது?

அவளை அப்படியே நம்பிய ஒரே ஜீவன் அவள் தம்பி. ஒரு பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவன். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே காலம் போய்விட்டது, என் வாயைத் திறக்க அந்த டாக்டர் விடுவதில்லை என்று புலம்புவான். அக்காவின் நாற்பத்தைந்து டிகிரிப் பங்குகளை வாங்கி விற்றே குடும்பத்தை ஓட்டிவிடலாம், வேலையைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது அவனுடைய கனவு. அவள் அதற்குச் சரி என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. கோணத்தை மட்டும் சொல்வாள். தம்பி தன்னை இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவது அவளுக்குப் பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகத்தில் எல்லோருடைய மேஜைக்கும் புதுத் திரை வந்தது. உயரம் பழையதைப் போலத்தான், அகலம் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவள் ஆசையாக உட்கார்ந்து, தம்பி வைத்திருக்கும் பங்கின் வரைபடத்தைத் திறந்தாள். கோடு படுத்திருந்தது. பாகைமானியை வைத்துப் பார்த்தால் முப்பது. முதல் நாள் மாலை அதே கோடு நாற்பத்தைந்து. ஒரே ராத்திரியில் விலை சரிந்துவிட்டதோ என்று பதறிப்போய் எண்களைப் பார்த்தாள். ஒரு காசு கூட மாறவில்லை.

பிறகு மவுஸால் வரைபடத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கோடு எழுந்தது. வெளியே இழுத்தாள், படுத்தது. எழுபது வேண்டுமா, இருபது வேண்டுமா, கேட்டதெல்லாம் கிடைத்தது. இத்தனை வருஷமாக அவள் அளந்தது பங்கை அல்ல, தன் பழைய திரையின் அகலத்தை.

கோணத்தை விட்டுவிட்டுச் சாய்வைக் கணக்கிட்டாள். ஒரு வருஷத்தில் விலை எவ்வளவு ஏறியது, தொடக்க விலையில் அது நூற்றுக்கு எத்தனை? வந்த விடையைப் பார்த்து இன்னொரு முறை போட்டாள். வங்கியில் சும்மா போட்டு வைத்தால் வரும் வட்டியைவிடக் குறைவு. எந்தச் சின்ன ஏற்றத்தையும் திரை நிறைய இழுத்துக் காட்டுவது அந்த மென்பொருளின் வேலை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

அப்போதே தலைமை ஆய்வாளரிடம் போயிருக்கலாம், தம்பியைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் செய்தது வேறு. கோடு சரியாக நாற்பத்தைந்தில் நிற்கும்வரை வரைபடத்தின் ஓரத்தை உள்ளே தள்ளி, அந்த அளவிலேயே விட்டுவிட்டு, வழக்கம்போலக் குறிப்பை எழுதி அனுப்பினாள். டிகிரி அக்காவிடமிருந்து டிகிரியைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பயந்துவிட்டாள்.

அன்று மாலை தம்பி போன் செய்தான்.

“அக்கா, நம்ம கோடு எப்படி இருக்கு?”

“நாப்பத்தஞ்சுல நிக்குது.”

“கண்டிப்பாவா?”

“அளந்துட்டுத்தான்டா சொல்றேன்.”

வியாழக்கிழமை தம்பி மனைவி கூப்பிட்டாள். “அண்ணி, இவரு நேத்து வேலையை விடறேன்னு லெட்டர் குடுத்துட்டு வந்திருக்காரு. எங்கிட்ட இன்னைக்குத்தான் சொல்றாரு. டாக்டர் வேற ஆளைத் தேட ஆரம்பிச்சுட்டாராம். நீங்க சொல்லித்தான் செஞ்சாராமே?”

அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான், கையில் போனும் முகமெல்லாம் சிரிப்புமாக. “வாக்கா, இனிமே நானும் உன் கட்சி” என்றான். மனைவி அடுக்களை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“அந்தக் கோட்டைத் திற” என்றாள் அக்கா.

திறந்தான். நெட்டுக்குத்தாகப் பிடித்த போனில் கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தது.

“இப்போ போனைப் படுக்க வை.”

போனைத் திருப்பினான். படம் ஒரு நொடி சுழன்று அகலமாக விரிந்தது. மலையாக நின்ற கோடு மேடாகிவிட்டது. மறுபடி நிமிர்த்தினான். மறுபடி படுக்க வைத்தான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவள் வங்கி வட்டியையும் சொல்லி முடித்தாள்.

ரொம்ப நேரம் அவன் போனைத் திருப்பிக்கொண்டே இருந்தான். “எக்ஸ்ரே குழாயோட சாய்வைக் கூட்டினா பல்லு குட்டையா விழும், குறைச்சா நீளமா விழும். படத்தைப் பாத்துட்டு வேர் வளந்துடுச்சான்னு கேக்கறவங்ககிட்ட தினமும் நான் சொல்ற பதில்க்கா இது. எனக்கே உறைக்கல பாரு.” தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவன் மாதிரிச் சொன்னான். அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. தப்பு இரண்டு பேருக்கும் பொது என்று ஆகிவிட்டால் பாரம் பாதியாகிவிடும் அல்லவா?

“உனக்கு எப்பக்கா தெரிஞ்சுது?”

இன்றைக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் நம்பிவிடுவான். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அடுக்களை வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

“செவ்வாய்க்கிழமை காலையில.”

“நான் போன் பண்ணது சாயந்தரம்.”

“ஆமாம்டா.”

“அளந்துட்டுத்தான் சொல்றேன்னு சொன்னே.”

அவன் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், லெட்டர் குடுக்கப்போறேன்னு நீ ஏன்டா சொல்லல என்று கேட்டிருப்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, அதையும் அடக்கிக்கொண்டாள்.

அவன் போனை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தான்.

“நாளைக்குக் காலையில டாக்டரைப் பாக்கப் போறேன். திரும்பச் சேத்துக்குவாரோ மாட்டாரோ. நீயும் வா. என்ன நடந்துச்சுன்னு நீயே சொல்லு.”

முன்பின் தெரியாத ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து, பங்குச் சந்தையைப் பாகைமானியால் அளந்த கதையைச் சொல்ல வேண்டும். நினைக்கும்போதே உடம்பு கூசியது.

“வரேன்டா” என்றாள்.

“செவ்வாய்க்கிழமையையும் சேத்துச் சொல்லணும்” என்றான் தம்பி.