குனிந்த தலை நிமிராமல்

வலது கண்ணில் முன்பக்கம் புரை, பின்பக்கம் விழித்திரையில் ஓட்டை. இரண்டையும் ஒரே ஆபரேஷனில் முடித்துவிடலாம் என்று தென்காசி கண் டாக்டர் ஜெயபிரியா சொன்னதும் தாணுமாலயனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிக் கமிஷன் கடை நடத்துகிற மனுஷர். போகிற சரக்கோடு போகாத சரக்கையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற வித்தை அவருக்குத் தெரியாததா?

“புரைய மட்டும் எடுத்துருங்கம்மா. மத்தத குத்தாலம் சீசன் முடியட்டும், பாத்துக்கிடலாம்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “புரைய மட்டும் எடுத்தா ஓட்டை அப்படியேதான் இருக்கும், அண்ணாச்சி. ஓட்டைய மட்டும் அடைச்சா புரை சீக்கிரம் முத்திரும், திரும்பவும் கத்தி வைக்கணும். தள்ளிப்போட்டா நடுப்பார்வை போயிரும்.”

அது ஏற்கெனவே பாதி போயிருந்தது. அந்தக் கண்ணால் யாரைப் பார்த்தாலும் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரே புகை. உள்ளுக்குள் பயந்துபோயிருந்த மனுஷர், சரி என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம்தான் வினை. “கண்ணுக்குள்ள கேஸ் குமிழி விட்டிருக்கோம். நீங்க குனிஞ்சு இருந்தாத்தான் அது ஓட்டைய அழுத்திப் பிடிக்கும். ஒரு வாரம் தலைய நிமித்தக் கூடாது. மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் இடைவேளை.”

தலை குனிவதா? தாணுமாலயனா?

போன சீசனில் நடந்ததை மார்க்கெட்டே பார்த்தது. புள்ளி விழுந்த தக்காளியை முதல் தரம் என்று இவர் கூவ, பக்கத்துக் கடை பெலிக்ஸ், பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர், நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். “ஏலே, ஒனக்குக் கண்ணு தெரியுதா இல்லியாலே?” இவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒன் முன்னால நான் தலை குனியணுமோ? செத்தாலும் நடக்காதுலே.” அன்றோடு பேச்சு நின்றது. இருவரும் வருஷா வருஷம் ஒன்றாகப் போகும் ஐந்தருவிக் குளியலும் நின்றது.

இப்போதோ, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காரவைத்த பெண்ணைப் போல நாற்காலியில் இருந்தார். நலம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாம் அவருக்கு வெறும் கால்கள்தான். பித்தவெடிப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடும் அளவுக்குத் தேறிவிட்டார். மனைவி செண்பகவல்லி கடிகாரமும் கையுமாகக் காவல் இருந்தாள்.

ஒருநாள் சாரலோடு சாரலாக இரண்டு ஈரக்கால்கள் உள்ளே வந்து நின்றன. இடது கட்டைவிரலில் நகம் இல்லை. அது போன கதை அவருக்குத் தெரியும். ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்த அந்த ஆளைத் தூக்கிவிட்டதே இவர்தான்.

பெலிக்ஸ்! தலை தன்னால் மேலே எழும்பப் பார்த்தது.

“ஏங்க, தல!” என்று அடுக்களையிலிருந்து அதட்டல் வந்தது.

கண்ணா, கௌரவமா? தாணுமாலயன் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே இருந்தார்.

வந்த கால்கள் அசையவில்லை. ஆபரேஷன் நடந்தது மட்டும்தான் பெலிக்ஸ் காதுக்குப் போயிருந்தது. “எதுக்குலே என் முன்னால இப்படித் தலை குனியுத?” என்றார். “நாந்தாம்லே அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஒனக்கு நெசமாவே கண்ணு போயிட்டிருக்குன்னு எனக்கு என்னலே தெரியும்?”

இது உனக்காக இல்லை, டாக்டருக்காக என்று சொல்ல நுனிநாக்குவரை வந்துவிட்டது. அதற்குள் பெலிக்ஸ் அந்தப் பெரிய உடம்போடு தரையில் மல்லாந்து, நாற்காலிக்கு முன்னால் தலையை நீட்டிப் படுத்துவிட்டார்.

“மூஞ்சியக் காட்டுலே.”

ஒரு வருஷத்துக்கப்புறம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தாணுமாலயனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

“அழாதலே, என் மூக்குமேல சொட்டுது.”

செண்பகவல்லி கடிகாரத்தோடு வந்தாள். “ஏங்க, இடைவேளை ஆயாச்சு. டாக்டரம்மா சொன்ன பத்து நிமிஷம். தலைய நிமித்தி அண்ணாச்சிகிட்டப் பேசுங்க.”

“இருக்கட்டும்ட்டி,” என்றார் தாணுமாலயன், தரையைப் பார்த்தபடியே. “இவன் போன பெறவு நிமிந்துக்கிடுதேன்.”