ரேடியேற்றருக்குப் பின்னால் சிக்கிய கை

சுபாஸ்கரனின் பழைய காரில் தண்ணீர் ஒழுகியது. ரேடியேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் கையை நுழைத்து, வெடித்திருந்த இறப்பர் குழாயைக் கழற்றினான். கை திரும்பி வரவில்லை. இழுக்க இழுக்க மணிக்கட்டு வீங்கியது. வீட்டில் வேறு யாரும் இல்லை. கைபேசி உள்ளே கிடந்தது.

மதிலுக்கு அப்பால் அண்ணன் சுதாகரன் வெங்காயப் பாத்தி கொத்தும் சத்தம் கேட்டது. எல்லைத் தகராறில் இருவரும் ஆறு வருடங்களாகப் பேசுவதில்லை. சுபாஸ்கரன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். விரல்கள் மரத்துப்போனபோது பயம் வந்துவிட்டது.

"அண்ணை! என்ரை கை மாட்டுப்பட்டுப் போச்சு!"

சுதாகரன் ஓடிவந்தார். போல்டுகளைக் கழற்றி ரேடியேற்றரை முன்னே இழுத்தார். கை விடுபட்டது.

"எவ்வளவு நேரமாய் உப்பிடி நிண்டனி?"

"அரை மணித்தியாலம்."

"நான் பக்கத்திலைதானேடா நிண்டனான்," என்றார் சுதாகரன். தம்பியின் வீங்கிய கையை அவர் விடவில்லை.