எட்டு நிமிடத்தில் ஐந்தாவது மாடி

குண்டு விழுந்தால் கீழே ஓடு, விஷவாயு வந்தால் மேலே ஏறு. வாயு கனமானது, கீழேதான் தேங்கும். இதை ஜனங்கள் மண்டையில் ஏற்ற மூன்று வருஷம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பொதுமக்கள் பாதுகாப்பு அலுவலகத்தில் திட்டம் எழுதுவது என் உத்தியோகம்.

அந்தத் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. நடக்க முடியாதவர்களை எப்படி ஏற்றுவது? லிஃப்டை நம்ப முடியாது. ஸ்ட்ரெச்சர் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொள்ளும். போன ஒத்திகையில் பதினோரு நிமிடம் ஆனது; எட்டைத் தாண்டக் கூடாது. இன்றும் தாண்டினால், அவர்களைக் கீழேயே ஓர் அறையில் விட்டு, கதவிடுக்கில் டேப் ஒட்டிவிடுவது என்று எழுதியாக வேண்டும். ஒத்திகை நடக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில், சக்கர நாற்காலியில், என் தங்கை இருக்கிறாள்.

சைரன் ஊதியது. நான் கண்காணிப்பாளன், கை வைக்கக் கூடாது. ஸ்ட்ரெச்சரோடு வந்த தொண்டர்களை மூன்றாவது மாடித் தையல்காரம்மா மறித்தார்.

"அத ஓரமா வைங்கப்பா. எல்லாரும் தண்ணிக்கு நிக்கிற மாதிரி நில்லுங்க!"

அங்கே தண்ணீர் மோட்டார் வாரத்தில் பாதி நாள் படுத்துவிடுமாம். அப்போதெல்லாம் வாளிகள் கைமாறித்தான் மேலே போகும். அரை மாடிக்கு நாலு பேர். அரை மாடிக்கு மேல் யாரும் தூக்குவதில்லை. தங்கை வீட்டுக்கு மாதம் தவறாமல் போகிற எனக்கு இது தெரியாது.

கண் மூடித் திறப்பதற்குள் படிக்கட்டு முழுக்க ஆள். தங்கையைச் சாதாரண மரநாற்காலியில் உட்காரவைத்து, போர்வையால் கட்டினார்கள். நாற்காலி கிளம்பியது. "வாங்கிட்டேன்", "விட்டேன்" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே மாடிக்கு மாடி கேட்டன. ஓட்டமில்லை, கூச்சலில்லை. திருப்பங்களில் நாற்காலி சுவரை உரசக்கூட இல்லை. குப்பைத்தொட்டிக்காக நேற்றுவரை குடுமிப்பிடிச் சண்டை போட்ட ஆட்கள்! வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே ஏறினேன். கொடுத்து முடித்தவர்களும் ஏறி வந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம், அம்பது செகண்ட்" என்றேன். ஐந்தாவது மாடியில் நாற்காலி தரையில் இறங்கியிருந்தது.

போர்வையை அவிழ்த்துக்கொண்டே தங்கை கேட்டாள்: "ஏண்ணே, நெசமாவே வாயு வந்துட்டா நீ எங்க நிப்ப?"

ஊருக்கு அந்தப் பக்கம், காற்றுப் புகாத அறையில், ஃபோன்களுக்கு நடுவில். திட்டத்தில் எனக்கென்று நானே எழுதிய இடம். தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னேன்.

"பரவால்லண்ணே, அங்கயே இருந்து வேலையப் பாரு. இங்க எனக்கு நாப்பது பேர் இருக்காங்க."